அளந்த பிறகே சால்டரிங் அயன்: பழைய ஆர்கேட் போர்டில் பழுது தேடும் வரிசை

1978-இல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் நாம்கோவின் பாக்-மேன் என்று வந்த தலைமுறையின் ஆர்கேட் போர்டுகள் இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஒன்று இயங்காமல் மேசைக்கு வந்தால் வேலையை இரண்டு விதமாகத் தொடங்கலாம். சந்தேகம் விழும் சிப்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியவற்றைப் போட்டுக்கொண்டே போவது ஒன்று. கெட்டது எது என்று அளந்து நிரூபித்துவிட்டு, அதை மட்டும் கழற்றுவது மற்றொன்று. முதல் முறை சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் நேரமும் பணமும் மிச்சமாவதும், போர்டு பிழைப்பதும் இரண்டாவது முறையில்தான். அதற்கான காரணங்களையும் அதைச் செய்யும் வரிசையையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது. எடுத்துக்காட்டுக்கு, அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்ட பாக்-மேன் போர்டை வைத்துக்கொள்வோம். அதன் சுற்றுப்படம் கிடைக்கிறது. எந்த முகவரியில் எந்த நினைவகம் இருக்கிறது என்பது தெரியும். அதிலுள்ள சிப்களில் பெரும்பாலானவை இன்றும் வாங்கக்கூடிய 74 வரிசையைச் சேர்ந்தவை. இங்கே சொல்லும் முறை அதே காலத்து மற்ற போர்டுகளுக்கும் பொருந்தும்.

கழற்றுவதற்கு ஒரு விலை உண்டு

போர்டின் ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் மெல்லிய செப்புப் பூச்சு இருக்கிறது. மேல்பக்கத் தடத்தையும் கீழ்ப்பக்கத் தடத்தையும் இணைப்பது அந்தப் பூச்சுதான். பல பத்தாண்டுகள் வெப்பத்தில் விரிந்து சுருங்கிய போர்டில் செப்புக்கும் பலகைக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்திருக்கும். பதினாறு கால் சிப் ஒன்றைக் கழற்றும்போது ஒரே ஒரு காலில் ஈயம் முழுதாக உருகவில்லை என்றாலும், இழுக்கும் இழுப்பில் பூச்சு காலோடு சேர்ந்து வந்துவிடும். புதிய சிப்பை வைத்து, ஈயம் வைத்துப் பார்த்தால் வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே மேல்தடம் அறுந்திருக்கும். இப்போது போர்டில் இரண்டு பழுதுகள். பழையது இன்னும் இருக்கிறது, புதியது அதை மறைக்கிறது. முதலில் கெட்டிருந்த சிப்பைப் பின்னர் நீங்கள் சரியாகவே மாற்றினாலும் போர்டு உயிர் பெறாது. அதனால் அந்தச் சிப் மீதிருந்த சந்தேகமும் தவறு என்று முடிவு செய்துவிடுவீர்கள். பத்துச் சிப்களை ஊகத்தில் மாற்றுவது என்றால் நூற்றைம்பது துளைகளில் இந்த ஆபத்தை வலிந்து வரவழைப்பது என்று பொருள்.

இரண்டாவது காரணம் சுற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தப் போர்டுகளில் அறிகுறி ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும். பாக்-மேன் போர்டில் வாட்ச்டாக் என்னும் காவல் சுற்று ஒன்று உண்டு. திரை ஒவ்வொரு முறை வரையப்பட்டு முடியும்போதும் ஒரு எண்ணி ஒன்று கூடும். நிரல் ஒழுங்காக ஓடினால் அந்த எண்ணியை அடிக்கடி பூச்சியமாக்கிவிடும். பதினாறு திரைகள் வரை அது நடக்கவில்லை என்றால் காவல் சுற்று இசட்80 பிராசசரை ரீசெட் செய்துவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 60.6 திரைகள் என்பதால், நிரல் தடம்புரண்ட போர்டு கால் வினாடிக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்தவுடன் பிராசசர் போய்விட்டது என்று சொல்பவர்கள் பலர். உண்மையில் முதல் ரோமில் ஒரு பிட் மாறியிருந்தாலும், ஒரு ரேம் கெட்டிருந்தாலும், தரவுக் கம்பி ஒன்று எங்கோ கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். காவல் சுற்று பழுதைச் சொல்கிறது. பழுதின் முகவரியைச் சொல்வதில்லை. அந்த முகவரியைத் தேட ஒரு வரிசை வேண்டும்.

மின்சாரம், கடிகாரம், ரீசெட்

வரிசையின் முதல் இடம் மின்சாரத்துக்கு. போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து, ஷார்ட் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, சப்ளையின் முனையில் அளக்காமல் சிப்பின் காலிலேயே அளங்கள். பெரும்பாலான பதினான்கு கால் சிப்களில் 7-ஆம் கால் கிரவுண்டு, 14-ஆம் கால் 5 வோல்ட். பதினாறு கால் சிப்களில் 8-ம் 16-ம். 74எல்எஸ்93 போன்ற சில சிப்கள் விதிவிலக்கு: அதில் 5-ஆம் கால் 5 வோல்ட், 10-ஆம் கால் கிரவுண்டு. இந்தக் குடும்பத்துச் சிப்கள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. சப்ளையில் 5.0 காட்டி, போர்டின் கடைக்கோடிச் சிப்பில் 4.6 காட்டினால், கெட்டது சிப் இல்லை, இடையிலுள்ள கனெக்டர். மிட்வே பாக்-மேன் போர்டில் இது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. அங்கே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏறத்தாழ 7 வோல்ட் மாறுமின்சாரம் போர்டின் விளிம்பு கனெக்டர் வழியாக உள்ளே வந்து, போர்டிலேயே 5 வோல்ட்டாகிறது. முழு மின்னோட்டமும் அந்தச் சில விரல்களின் வழியே போவதால் அவை சூடேறிக் கருகியிருப்பது வழக்கமான பழுது. போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் முதுமையடைந்திருந்தால் சராசரி 5 வோல்ட் சரியாக இருந்தும் அதன்மேல் ஏற்ற இறக்கம் மிகுந்திருக்கும். மீட்டரை மாறுமின்சார அளவுக்குத் திருப்பி அதையும் பாருங்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற 8080 பிராசசர் போர்டுகளில் 5 வோல்ட்டோடு நின்றுவிடக் கூடாது; அந்த பிராசசருக்கு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தேவை. இந்த வேலைகளை எல்லாம் கேபினெட்டுக்கு வெளியே மேசையில் செய்யுங்கள். பிக்சர் டியூப் உள்ள மானிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அது தங்கியிருக்கும். அதைப் பழகாதவர் அதன் அருகே கைவைக்க வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். இந்தப் போர்டின் கிரிஸ்டல் 18.432 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்த 6.144 மெகாஹெர்ட்ஸில் திரைப்புள்ளிகள் வரையப்படுகின்றன. ஆறால் வகுத்த 3.072 மெகாஹெர்ட்ஸ் இசட்80-இன் 6-ஆம் காலுக்கு வருகிறது. அங்கே துடிப்பு இல்லை என்றால் பிராசசரைப் பற்றிப் பேசவே வேண்டாம்; கிரிஸ்டலிலிருந்து வகுக்கும் சிப்கள் வரை பின்னோக்கிப் போக வேண்டும். துடிப்பு இருந்தால் 26-ஆம் காலில் ரீசெட்டைப் பாருங்கள். அது உயர்நிலையிலேயே நின்றால் பிராசசர் ஓட அனுமதி பெற்றிருக்கிறது. தாழ்நிலையிலேயே நின்றால் ரீசெட் சுற்றிலேயே பழுது. வினாடிக்கு நான்கு முறை அளவில் லாஜிக் புரோபின் விளக்கு மின்னினால் மேலே சொன்ன காவல் சுற்றின் வேலை அது. நிரல் தடம்புரள்கிறது என்பது உறுதி. இவ்வளவும் ஒரு சிப்பைக்கூடத் தொடாமல் தெரிந்துகொண்டவை.

நிரல் ஏன் தடம்புரள்கிறது என்று பிரித்தறிய இசட்80-இல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அந்த பிராசசருக்கு 00 என்ற கட்டளை, எதுவும் செய்யாமல் அடுத்த முகவரிக்குப் போ என்று பொருள்படும். பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, அதன் எட்டுத் தரவுக் கால்களும் போர்டைத் தொடாதபடி செய்து, அவற்றைச் சிறு மின்தடைகள் வழியாகக் கிரவுண்டோடு இணைத்தால், அது எங்கே படித்தாலும் 00 மட்டுமே படிக்கும். காவல் சுற்றை முதலில் நிறுத்திவைக்க வேண்டும். அப்போது பிராசசர் முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். 5-ஆம் காலில் உள்ள மிக உயர்ந்த முகவரிக் கம்பியான ஏ15-இல் துடிப்பு வினாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் வந்து வந்து மறையும். அதற்குக் கீழ் வரும் ஏ14-இல் இருமடங்கு வேகத்தில். இப்படி நடந்தால் பிராசசரும் கடிகாரமும் ரீசெட்டும் நலம் என்று ஒரே சோதனையில் நிரூபணமாகிவிட்டது. இனி இந்தத் துடிப்பு ஒவ்வொரு ரோமின் முகவரிக் கால் வரை போய்ச் சேர்கிறதா என்று புரோபை வைத்துத் தொடர்ந்து பார்க்கலாம். எங்கே நிற்கிறதோ அங்கே பழுது.

திரையைப் படிப்பது

ரோம்களைச் சோதிப்பது எளிது. சாக்கெட்டில் இருப்பதை எடுத்து, புரோகிராமர் கருவியில் படித்து, அதன் சரிபார்ப்பு எண்ணை மேம் எமுலேட்டரின் பதிவோடு ஒப்பிடலாம். 1997-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஒவ்வொரு ஆட்டத்தின் ஒவ்வொரு ரோமுக்கும் இந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஜப்பானில் பக்-மேன் என்ற பெயரில் வந்த நாம்கோ பதிப்பும் மிட்வே பதிப்பும் வேறு வேறு பதிவுகள்; தவறான பதிவோடு ஒப்பிட்டு நல்ல ரோமைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே ரோமைப் பலமுறை படியுங்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறினால் அது சாகும் தறுவாயில் இருக்கிறது. ஈப்ரோமின் கண்ணாடிச் சாளரத்தின்மேல் உள்ள ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். புற ஊதாக் கதிர்தான் அதை அழிப்பது.

படம் தெரிந்து, ஆனால் பிழையாகத் தெரிந்தால், அந்தப் பிழையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. எழுத்துகளும் சுவர்களும் புள்ளிகளும் சிதைந்து, பாக்-மேனும் பேய்களும் ஒழுங்காக இருந்தால் போர்டில் 5ஈ என்று குறிக்கப்பட்ட இடத்திலுள்ள கட்டப்பட (டைல்) ரோமை முதலில் பார்க்க வேண்டும். மாறாகச் சுவர்கள் ஒழுங்காக இருந்து, பேய்கள் சிதைந்தால் 5எஃப். உருவங்கள் எல்லாம் சரியாக இருந்து, நிறம் மட்டும் பிசகினால் நிறத் தகவலைச் சுமக்கும் ரேம் அல்லது 4ஏ, 7எஃப் இடங்களிலுள்ள சிறிய புரோம்கள். இவற்றையெல்லாம்விட நுட்பமான ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். திரையின் மேலே 'ஸ்கோர்' என்ற ஆங்கிலச் சொல் வரவேண்டிய இடத்தில் எஸ் எழுத்து ஆராகவும், சி எழுத்து பியாகவும், ஓ எழுத்து என்னாகவும், ஈ எழுத்து டியாகவும் வந்து, ஆர் மட்டும் மாறாமல் இருக்கிறது என்று கொள்வோம். பார்த்தவுடன் குப்பை போலத் தோன்றும். ஆனால் மாறிய ஒவ்வொரு எழுத்தும் தனக்கு முந்தைய எழுத்தாகவே மாறியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் எழுத்துக்கான எண்கள் 65-இல் ஏ, 66-இல் பி என்று வரிசையாகப் போகின்றன. ஒற்றைப்படை எண் கொண்ட எழுத்துகள் எல்லாம் ஒன்று குறைந்திருக்கின்றன. இரட்டைப்படை எண்ணான ஆர் மாறவில்லை. அதாவது எண்ணின் கடைசி பிட் எப்போதும் பூச்சியமாகவே படிக்கப்படுகிறது.

இந்த ஒரு முடிவு போர்டு முழுவதிலுமிருந்த சந்தேகத்தை ஒரே ஒரு கம்பிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. திரை ரேம் 2114 வகைச் சிப்களால் ஆனது. ஒவ்வொன்றும் 1024 இடங்களில் நான்கு பிட்களை மட்டுமே வைத்திருப்பதால் இரண்டு சேர்ந்தே ஒரு கிலோபைட் ஆகின்றன. கடைசி பிட்டைச் சுமக்கும் சிப் இரண்டில் ஒன்று. அது கெட்டதா, அல்லது அதிலிருந்து கட்டப்பட ரோமுக்குப் போகும் பாதை கெட்டதா? இதற்கு ஆட்டத்தின் சுயசோதனையே விடை தரும். பிராசசர் அந்த ரேமில் எழுதித் திரும்பப் படித்து, சரி என்று சொன்னால் ரேம் நிரபராதி. பழுது அதற்கு அப்பால் உள்ள பாதையில் இருக்கிறது. தவறு என்றால் சந்தேகம் ரேம் பக்கமே நிற்கும். திரையில் வரும் அந்த முடிவையும் மாறிய எழுத்துகளிலேயே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சுயசோதனை தரும் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு. அந்தச் சோதனை நிரலே ரோம்களில்தான் இருக்கிறது. அது இருக்கும் ரோம் கெட்டால் சோதனையே ஓடாது. அதனால்தான் ரோம்களை முன்பே படித்துவிடச் சொன்னேன்.

தீர்ப்புக்கு முன் கடைசிச் சோதனை

சந்தேகம் ஒரு சிப்பில் வந்து நின்ற பிறகும் உடனே கழற்ற வேண்டாம். 74எல்எஸ் சிப்பின் வெளியீடு தாழ்நிலையில் 0.4 வோல்ட் அளவுக்குள்ளும், உயர்நிலையில் 2.7 வோல்ட்டுக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை வோல்ட் அளவில் அசையாமல் நின்றால், அந்த வெளியீடு உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள் கொள்ள நியாயம் இருக்கிறது. அப்போது அதே எண்ணுள்ள நல்ல சிப் ஒன்றை அதன் முதுகில் கால்கள் ஒட்டும்படி அமர்த்திப் பாருங்கள். படம் திருந்தினால் நிரூபணம். வெளியீடு கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டு கெட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, ஏனெனில் கெட்ட சிப் நல்லதையும் கீழே இழுத்துவிடும். பல சிப்கள் பகிரும் தரவுக் கம்பி ஒன்று தாழ்ந்தே கிடந்தால், மில்லிவோல்ட் காட்டும் மீட்டரால் அக்கம்பியிலுள்ள ஒவ்வொரு சிப்பின் காலிலும் அளங்கள். இழுத்துப் பிடித்திருக்கும் சிப்பின் காலில்தான் அளவு எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும்.

தீர்ப்பு உறுதியானதும் சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அதன் கால்களை உடலருகே சிறு கட்டரால் வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சூடாக்கி எடுங்கள். துளைகளைச் சுத்தம் செய்து, தரமான சாக்கெட் ஒன்றை வைத்து, அதன் பிறகு புதிய சிப்பைப் பொருத்துங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தேடி வாங்கக்கூடிய சிப்புக்காக, எந்தக் கடையிலும் கிடைக்காத போர்டைப் பணயம் வைக்கக் கூடாது.

எழும் மறுப்புகள்

சாக்கெட்டில் இருக்கும் சிப்களையாவது மாற்றிப் பார்த்தால் என்ன, அதில் ஈயமே உருகுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது மலிவான சோதனைதான், ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். பழைய சாக்கெட்டில் துரு படிந்திருக்கும்; சிப்பை எடுத்து வேறொன்றை வைக்கும்போது அந்த உரசலிலேயே தொடர்பு திரும்பிவிடும். எனவே புதிய சிப்பில் போர்டு ஓடினால், பழையதை மீண்டும் வைத்து ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதைக் கெட்டது என்று எழுதுங்கள். இரண்டிலும் ஓடினால் பழுது சாக்கெட்டில்.

சில நிறுவனங்களின் சிப்கள் கெடுவதற்கே பெயர் போனவை, அவற்றைக் கேள்வியின்றி மாற்றிவிடலாம் என்பது அனுபவசாலிகளிடமிருந்து வரும் மறுப்பு. 1980-களின் ஜப்பானியப் போர்டுகளில் உள்ள ஃபுஜிட்சு 74எல்எஸ் சிப்கள் பற்றி இப்படிப் பரவலாகச் சொல்லப்படுகிறது, அதில் உண்மையும் உண்டு. அந்த அறிவைப் பயன்படுத்த வேண்டிய இடம், எதை முதலில் அளப்பது என்று முடிவு செய்வதில்தான். ஒரு போர்டில் அத்தகைய சிப்கள் ஐம்பது இருந்தால், கெட்டவை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மீதியைக் கழற்றும்போது போர்டுக்கு வரும் சேதம் அந்தச் சிப்களால் வரக்கூடிய சேதத்தை மிஞ்சிவிடும். தவிர, புதிதாக வாங்கும் சிப்கள் எல்லாம் நல்லவை என்றும் இல்லை. பழையதைத் தேய்த்து வேறு எண் அச்சிட்டு விற்பதும் நடக்கிறது.

அளக்க ஆசிலோஸ்கோப் வேண்டும், அது எல்லோரிடமும் இருக்காது என்பது அடுத்தது. மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பப் பாருங்கள்: பெரும்பாலானவை மல்டிமீட்டர், லாஜிக் புரோப், ரோம் படிக்கும் கருவி ஆகிய மூன்றிலேயே முடிந்துவிட்டன. கடிகாரத்தின் வேகத்தைத் துல்லியமாக அறியவும், சிப்பின் அலைவடிவம் சிதைந்திருப்பதைக் காணவும் ஸ்கோப் உதவும். அது இல்லாதது ஊகத்தில் கழற்றுவதற்கு அனுமதி ஆகாது.

எமுலேட்டரில் அதே ஆட்டம் ஓடும்போது இந்தப் பாடு எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். எமுலேட்டரின் அறிவு உண்மையான போர்டுகளிலிருந்துதான் வந்தது. அது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான போர்டுகள் உயிரோடு இருக்க வேண்டும். அளந்து பழுதுபார்ப்பதன் அருமைக்குக் கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளே சான்று. 1993-இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-உடன் வந்த அந்த அமைப்பில் ரோம்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றை அவிழ்க்கும் திறவுகோல் ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்ததும் போர்டு செத்தது போலாகிவிடும், ஆனால் ஒரு சிப்கூடக் கெட்டிருக்காது. ரோம்களை எடுத்துவிட்டு மாற்று ரோம்கள் போட்டு ஓட்டுவதே நீண்ட காலம் வழியாக இருந்தது. 2016-இல் ஆய்வாளர்கள் அதன் செயல்பாட்டை முழுதாக ஆராய்ந்து, திறவுகோலை மீண்டும் எழுதும் முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு அதே போர்டை அதன் அசல் ரோம்களோடேயே எழுப்ப முடிகிறது. காரணத்தை அறிந்தபோது மாற்ற வேண்டியது ஒரு பேட்டரியும் எழுத வேண்டியது சில பைட்களும் மட்டுமே என்று தெரிந்தது. காரணம் தெரியாமல் அசல் ரோம்களைக் கழற்றி வீசியவர்களின் போர்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன் அதில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சிப்பின் எந்தக் கால், அங்கே என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது. அந்த வரியை எழுத முடிந்தால் கழற்றுங்கள். எழுத முடியவில்லை என்றால் அன்றைய வேலை இன்னும் அளப்பதுதான்.